பேர் இருக்கு, நம்பர் இல்ல

— திருடனா இருந்தா பேரைத்தானே அழிப்பான், ஹவில்தாரண்ணே? இவன் பேரை அப்படியே விட்டுட்டு நம்பரை மட்டும் ராவி எடுத்திருக்கான். ஏன்? எட்டு மாசமா யோசிக்கிறேன், பிடிபடவே மாட்டேங்குது.

— கண்ணாடி எடுத்தாரல, கலைச்செல்வா. அப்பறமா வந்து பாக்கறேனே.

— கண்ணாடி எதுக்கு? இந்த லென்ஸைப் பிடிங்க. நம்ம மைன்ஸ் லேப்ல முப்பது வருஷம் நிலக்கரிச் சாம்பலைப் பார்த்த லென்ஸ். பழசுன்னு கழிச்சப்ப ஏலத்துல எடுத்தேன். முன்பக்கம் வேணாம், திருப்புங்க. முன்பக்கம் சிங்கம்தான் இருக்கும். இந்த மெடல் பேரு பூர்வி ஸ்டார். எழுபத்தொண்ணு சண்டையில கிழக்கு எல்லைக்குப் போனவங்களுக்கு மட்டும் குடுத்தது. சும்மா பட்டாளத்துல இருந்தவங்களுக்குக் கிடையாது.

— தெரியும்.

— பட்டாளத்துக்காரர்கிட்ட போய் நான் பாடம் எடுக்கறேன் பாருங்க. சரி, இதைக் கவனிங்க. பின்பக்கம் எழுதறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல நம்பர், அப்புறம் ரேங்க், அப்புறம் பேர். ஒவ்வொரு எழுத்தையும் அச்சு வச்சு அடிப்பாங்க. இதுல என்ன இருக்கு? சிப்பாய். அய்யனார். அதுக்கு முன்னாடி ஏழு இலக்கம் நிக்க வேண்டிய இடம் மொழுக்குனு இருக்கு.

— தேஞ்சிருக்கும். நாங்கல்லாம் தெனமும் பாலிஷ் போடுவோம். போட்டுப் போட்டே தேஞ்சுபூடும்.

— நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா பாலிஷ்ல தேய்ஞ்சா எல்லாமே சேர்ந்து தேயணும். பக்கத்துல பேரு நேத்து அடிச்சாப்ல நிக்குதே? அந்தச் சின்னச் சின்னக் கோடெல்லாம் பாருங்க. எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கு. அது அரம். சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டறதுக்கு முன்னாடி டியூபைச் சுரண்டுவாங்களே, அந்த மாதிரி பொடிப் பல்லு அரம். தேய்ச்சவன் வலது கைக்காரன்.

— நீ தப்பிப் பொறந்து லேபுக்குப் போயிட்ட. போலீஸ்ல இருக்க வேண்டியவன்.

— அண்ணே, டீயைக் குடிங்க, ஆறிடப்போவுது. இவரு பேச்சைக் கேட்டுக்கினு இருந்தா பொழுது பூடும். நேத்து கேஸ் சிலிண்டர் போட வந்தவன்கிட்டயும் இதைக் காட்டிக்கினு நின்னாரு. அவன் சிலிண்டரைத் தோள்ல வெச்சுக்கினே தலையை ஆட்டறான்.

— செல்லக்கிளி, அவரு ஆர்வமாத்தான் கேட்டாரு.

— தோள்ல அவ்ளோ கனம் இருந்தா யாரும் ஆர்வமாத்தாங்க கேப்பாங்க. அண்ணே, நீங்களே சொல்லுங்க. வூட்டுச் சொவத்துல சாமிப் படம் மாட்டுவாங்க, புள்ளைங்க போட்டோ மாட்டுவாங்க. இவரு அடுத்தவங்க மாருல குத்தினதை மாட்டி வெச்சிருக்காரு.

— எத்தினி இருக்கும், கலைச்செல்வா?

— நாற்பத்தொண்ணு. இதோட சேர்த்து. பண்ருட்டி பாத்திரக்கடையில கொஞ்சம், கடலூர் பழைய சாமான் மார்க்கெட்ல கொஞ்சம், இங்க வடக்குத்து முக்குல நம்ம அறிவுச்செல்வன் காயலாங்கடையில கொஞ்சம். ஆள் போனதும் ஓட்டைக் குண்டானோட சேர்த்துப் போட்டுடறாங்க அண்ணே. உருக்கினா வெறும் பித்தளை. நான் எடுத்து வச்சா ஒரு மனுஷன் பேரு நிக்குது.

— உன் வூட்டுச் சொவத்துல நிக்குது.

— ... ஆமா. என் வீட்டுச் சுவத்துல.

— இன்னாங்க, குத்தறாரு பாத்தீங்களா? நான் சொன்னா மட்டும் கோவம் வருமே.

— சரி, இதுல நான் இன்னா பண்ணணும்னு கூப்புட்ட?

— அய்யனார் உங்க ஊர்க்காரர்.

— அய்யனாருன்னு எத்தினி பேரு! எங்க பக்கம் கோயிலுக்கு ஒருத்தன் இருப்பான். எந்த அய்யனாருன்னு கண்டது?

— அதையேதான் ரெக்கார்ட் ஆபீஸும் எழுதிட்டாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க சேர்ற ரெஜிமென்ட்ல அந்தக் காலத்துல மட்டும் பத்தொன்பது அய்யனாராம். நம்பர் அனுப்புங்க, உடனே பார்த்துச் சொல்றோம்னு பதில். ஆனா இது தனகோடியம்மா வீட்டுக்காரர் அய்யனார்னுதான் எனக்குத் தோணுது. செல்லக்கிளிதான் முதல்ல சொன்னா.

— ஆமாண்ணே. நம்ம சாமி பேருக்காரரு. ரெண்டு வருசம் முன்னாடி தவறிட்டாரே, மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல இருந்தாரே, அவருதான்.

— சாமி பேருக்காரரா?

— எங்கப்பா பேரும் அய்யனார்தான் அண்ணே. மாமனார் பேரை வாயால சொல்லமாட்டா. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம், அப்பா போயே பத்து வருஷம் ஆச்சு, இன்னும் சொல்லமாட்டா. மூத்தவனுக்கு அப்பா பேரை வைக்கலாம்னேன். 'வெச்சுட்டு நான் எப்படிங்க புள்ளையைக் கூப்புடறது'ன்னு ஒரே சண்டை. அதான் இளவேனில்னு வச்சோம்.

— பின்ன? அடுப்பங்கரையில நின்னுக்கினு மாமனார் பேரைச் சொல்லி, டேய் சாப்புட வாடான்னு கூப்புடச் சொல்றீங்களா? ஏண்ணே, உங்க வூட்லயும் அந்தக் காலத்துல இதே வழக்கம்தான இருந்திருக்கும்?

— டீயில சக்கரை கொஞ்சம் ஜாஸ்தி, கிளி.

— ஐயோ, சுகர் இருக்கறதை மறந்துட்டேன். குடுங்க, வேற போட்டாறேன்.

— வேணாம், வுடு. கலைச்செல்வா, நம்பருக்கு இப்ப இன்னா அவசரம்?

— இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி. அதான் அவசரம். டவுன்ஷிப்புல எக்ஸ்-சர்வீஸ்மேன் சங்கத்து வாசல்ல கல்லு வைக்கறாங்கல்ல, சண்டை ஜெயிச்ச டிசம்பர் பதினாறுக்கு? இந்தச் சுத்துவட்டாரத்துலேருந்து அந்தச் சண்டைக்குப் போனவங்க பேரெல்லாம் வெட்டறாங்க. செக்ரட்டரி விஜயராஜ் அஞ்சு மணிக்கு லிஸ்டைக் கல்லு வெட்டறவர்கிட்ட குடுத்துடுவாரு. நம்பர் இல்லாத பேரைச் சேர்க்க முடியாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா ஊர்ல எல்லாரும் எங்க தாத்தாவும் போனாருன்னு வந்து நிப்பாங்களாம். அதுவும் நியாயம்தான்.

— அம்பது வருசம் தூங்கிட்டு இப்ப எழுந்து கல்லு நடறானுங்க.

— லேட்டுதான். அதுக்காக வேணாம்னுடலாமா?

— செத்தவனுக்குக் கல்லு எதுக்குடா? உசுரோட இருந்தப்ப கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில கொட்டின கரியை மம்முட்டியால வாரிக்கினு கெடந்தான். மூணு ஷிப்ட்டும் பாத்தான். பர்மனென்ட் ஆவாமலே போய்ச் சேந்தான். அப்ப எவனாவது ஒரு சேர் போட்டு உக்கார வெச்சானா?

— கல்லு அவருக்கில்லண்ணே. தனகோடியம்மாவுக்கு.

— அந்தக்கா பாவம்ணே. கல்யாணம் ஆன நாளா எம் புருசன் சண்டைக்குப் போனாரு, எம் புருசன் சண்டைக்குப் போனாருன்னு சொல்லிக்கினே இருந்துட்டாங்க. காட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. மைன்ஸுக்காக ஊரைக் காலி பண்ணப்ப மழையில டிரங்குப் பொட்டி நனைஞ்சு, பட்டாளத்துப் புக்கு கூழாப் போச்சாம். தெருவுல சிரிப்பாங்க. கரி வார்றவரு அங்க போய் யாரை வாரினாருன்னு கேப்பாங்க. இப்பப் பேரப்புள்ள பிரவின்குமாரே, 'ஆயா, நீ கதை வுடற'ங்கறான். போன மாசம் ரேசன் கடையில நின்னாங்க. மெஷின்ல கை வெச்சா ரேகை வுழல. காடாம்புலியூர்ல முந்திரிக் கொட்டை ஒடைச்சு ஒடைச்சு, அந்த எண்ணெ வெரலையே தின்னுட்டுது. பத்து வெரலையும் மாத்தி மாத்தி வெச்சாங்க. கடைக்காரன், 'நீங்க யாருன்னே தெரியலங்குதும்மா'ன்னான். அந்தக்கா சிரிச்சுக்கினே இன்னா சொன்னாங்க தெரியுமா? 'எங்க வூட்ல ரெண்டு பேருக்குமே அப்படித்தாங்க'ன்னாங்க.

— அதுதான்ணே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துது. சரி, நீங்க சொல்லுங்க, பட்டாளத்துல நம்பர் எப்படிக் குடுப்பாங்க?

— எப்படின்னா? குடுப்பாங்க. வரிசையா.

— அந்த வரிசை எப்படி வருது? உயரப்படியா, பேர்ப்படியா?

— நின்னபடி. ஆளெடுத்து முடிச்சுட்டு நிக்க வெப்பான். நின்னபடி ஒருத்தன் நோட்டுல ஏத்திக்கினே போவான்.

— ஆஹா! அப்ப ஒரே நாள்ல சேர்ந்தவங்க நம்பரெல்லாம் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும்! அவர் என்னிக்குச் சேர்ந்தார்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. உங்களுக்கு முன்னாடி சேர்ந்தாரா, அப்புறமா?

— ஞாபகம் இல்ல.

— ஏண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணாப் போனதா இல்ல அந்தக்கா சொன்னாங்க?

— பஸ்ஸுல ஒண்ணாப் போனோம் கிளி. கடலூர்ல மஞ்சக்குப்பம் மைதானத்துல ஆயிரம் பேரு கூட்டம். அவன் எங்க நின்னான், நான் எங்க நின்னேன், யாருக்குத் தெரியும்?

— உங்க நம்பராவது ஞாபகம் இருக்கா? அதை வச்சு ஒரு உத்தேசம் பண்ணலாமே. இந்தச் சங்கத்துக்கு நீங்க ஒரு நாளும் போனதில்ல. உங்க பேரையும் லிஸ்ட்டுல குடுங்கண்ணே. நீங்களும் அந்தச் சண்டைக்குப் போனவர்தானே?

— எம் பேரு வேணாம். அதைப் பத்திப் பேசாத.

— சரி, சரி. கோவிச்சுக்காதீங்க. அப்ப ஒரே வழிதான். இதைப் பாருங்க.

— இன்னாது இது? டோக்கனா?

— டூல் ரூம் டோக்கன். நாங்க கருவி எடுத்தா இதைக் குடுத்துட்டு எடுப்போம். பித்தளை. என் நம்பர் முந்நூத்திப் பதினெட்டு. காலையில நானே அரத்தால ராவிட்டேன். தடவிப் பாருங்க, ஏதாவது தெரியுதா?

— ஒண்ணும் இல்ல. சுத்தமாப் போச்சு.

— போகல! இதான் விஷயம். இதைக் கவனிங்க. அச்சை வச்சு ஓங்கி அடிச்சா குழி மட்டுமா விழுது? குழிக்கு அடியில இருக்கற உலோகமும் நசுங்கி இறுகிப்போகும். வயல்ல மாட்டுவண்டி போன தடம் இருக்குல்ல? மேல மண்ணை வாரிப் போட்டுச் சமமாக்கிட்டீங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஏர் ஓட்டறப்ப அந்த இடம் வந்ததும் என்ன ஆகும்?

— கலப்பை எகிறும்.

— எகிறும்! ஏன்னா அடியில கெட்டிப்பட்டுக் கிடக்கு. அதே கதைதான். இது பெர்ரிக் குளோரைடு. ரேடியோ ரிப்பேர் கடையில சர்க்யூட் போர்டு அரிக்கறதுக்கு வச்சிருப்பாங்க. ஒரு சொட்டு விட்டா உலோகத்தைத் தின்னும். ஆனா ஒரே மாதிரி தின்னாது. நசுங்கின இடத்தை ஒரு வேகத்துல, நசுங்காத இடத்தை ஒரு வேகத்துல. அந்த வித்தியாசத்துல எழுத்து திரும்பி வரும். இதோ விடறேன். கையை எடுங்க, பட்டா கறை போகாது.

— வருமா?

— அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்லல.

— சொல்லு.

— இந்த ஸ்டார் கிடைச்ச மொத வாரமே செல்லக்கிளி சொல்லிட்டா, தனகோடியம்மா வீட்டுக்காரரா இருக்கும்னு. நான்தான் நம்பர் இல்லாம எப்படி உறுதியாச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டேன். உண்மை அது இல்லண்ணே. எழுபத்தொண்ணு சண்டை மெடல்ல எனக்கு இது ஒண்ணுதான் குறைச்சல். சுவத்துல நாற்பது மாட்டியிருந்தேன், ஒரு ஆணி காலியா இருந்துது. அந்த ஆணியில மாட்டிட்டேன். அந்தம்மா இதே தெருவுல முந்திரி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டுப் போவாங்க. நான் ஜன்னலைச் சாத்திடுவேன்.

— அதான் பகல்லயே ஜன்னலைச் சாத்தினீங்களா? நான் வெயிலுக்குன்னு இல்ல நெனைச்சேன்.

— வெயிலும்தான்.

— எட்டு மாசம்.

— எட்டு மாசம்ணே. பெரிய தப்பு.

— எட்டு மாசம் ஒண்ணும் பெருசு இல்ல, கலைச்செல்வா.

— உங்களுக்கு நல்ல மனசு. அப்படிச் சொல்றீங்க. ஆங், வருது, வருது! சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். முதல்ல மூணு.

— மூணு.

— அடுத்தது ஒரு கோடு. ஒண்ணு. அப்புறம் எட்டு, மேல் வட்டம் மட்டும் தெரியுது. முந்நூத்திப் பதினெட்டு! ராவினது நானே. எனக்கே உடம்பு சிலுக்குது.

— ராவினா போயிடும்னுதான்டா எல்லாரும் நெனைப்பான்.

— நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா ஸ்டார்ல ஒரு சிக்கல் இருக்கு. டோக்கனை நான் மேலாக்க ராவினேன். அந்த ஆள் பயந்துபோய் ராவியிருக்கான். ரொம்ப ஆழம். இறுகின இடமே அரத்தோட போயிருந்தா ஒண்ணும் வராது. இன்னொண்ணு, பேரு ஒட்டி இருக்கு. மருந்து வழிஞ்சா பேரையும் தின்னுடும். ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும்.

— தனகோடிகிட்ட கேட்டியா?

— நேத்து போய் எல்லாத்தையும் சொல்லிக் கேட்டேன். 'அவரு பேரு எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. நம்பர்தான் தெரியாது. ஊத்துங்க'ன்னாங்க.

— ஸ்டாரைப் பாத்துச்சா?

— கையில வாங்கிக்கல. தூரத்துலேருந்து பாத்தாங்க. வெரல்ல எண்ணெயா இருக்கு, கறை புடிச்சுக்கும்னாங்க. செல்லக்கிளி, அந்த டியூப் லைட்டைப் போடு. ஹவில்தாரண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. விடறேன்.

— நில்லு.

— என்னண்ணே?

— மூடு. அந்த பாட்டிலை மூடு மொதல்ல.

— மூடிட்டேன். என்ன ஆச்சு உங்களுக்கு? சுகர் எறங்கிடுச்சா? செல்லக்கிளி, அந்த டீயே இருந்தா குடு.

— ஒண்ணும் இல்ல. சைக்கிள் கடை அரம் இல்ல அது, கலைச்செல்வா. எங்கப்பாரு ரம்பத்துக்குப் பல்லு தீட்டற அரம். வலது கைக்காரன்னு சொன்னியே, அது சரி.

— ... அண்ணே?

— பயந்துபோய் ராவினான்னு சொன்னியே, அதுவும் சரி.

— இன்னாங்க இவரு இன்னா சொல்றாரு?

— இரு, செல்லக்கிளி. அண்ணே, இது உங்ககிட்ட எப்படி வந்தது?

— தபால்ல வந்துது. எம்பத்திமூணுல. அவன் பட்டாளத்தை வுட்டு ஒம்போது வருசம் ஆயிருந்துது, நான் அப்பத்தான் ரிட்டயர் ஆயி வந்தேன். ஊரைக் காலி பண்ணிக்கினு இருந்த நேரம். மைன்ஸுக்கு எடம் எடுத்துட்டாங்க. பாதி வூட்டுக்குக் கூரை இல்ல, அட்ரஸ்னு ஒண்ணும் இல்ல. தபால்காரரு புதுசு. சின்னப் பொட்டியைக் கையில வெச்சுக்கினு, பட்டாளத்து அய்யனாரு யாருங்க, பட்டாளத்து அய்யனாரு யாருங்கன்னு கேட்டுக்கினு வந்தாரு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

— உங்ககிட்ட ஏன் குடுத்தாரு? நீங்க துரைராஜ் ஆச்சே?

— துரைராஜு வூட்டுப் பேரு. எங்கம்மா வெச்சது. எங்க தாத்தா பேரு அய்யனாரு, அதைத்தான் எனக்கு வெச்சாங்க. மாமனாரு பேரைச் சொல்லி எங்கம்மா எப்படிக் கூப்புடும்? துரைராஜுன்னு கூப்புட்டுது. ஊரே அப்படிக் கூப்புட்டுது. ஸ்கூல்ல, பட்டாளத்துல, கம்பெனியில, பேங்க் புக்குல எல்லாம் நான் அய்யனாரு.

— ஐயோ சாமி.

— அதான் பேரை வுட்டேன், கலைச்செல்வா. அது எனக்கும் சேந்த பேரு. நம்பர் மட்டுந்தான் அவனுது.

— திருப்பிக் குடுக்கணும்னு தோணலயா அண்ணே?

— மொத நாளு தோணுச்சு. சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கினு அவன் வூட்டு வரைக்கும் போனேன். அடுத்த வாரம் இன்டர்வியூ. செக்யூரிட்டிக்கு எக்ஸ்-சர்வீஸ்மேன் எடுத்தாங்க. சண்டைக்குப் போனவங்களுக்கு முன்னுரிமை. கடைசியா ஒரு எடம். அவனும் போட்டிருந்தான், நானும் போட்டிருந்தேன்.

— நீங்களும் சண்டைக்குப் போனவர்தானே?

— நான் எங்கடா போனேன்? பட்டாலியன் கெழக்க கெளம்பினப்ப எனக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியில உப்பில்லாத கஞ்சி குடிச்சுக்கினு கெடந்தேன். சண்டை ஆரம்பிச்சு முடிஞ்சே போச்சு, என் கண்ணுல மஞ்ச எறங்கல. அப்பறம் ஸ்டோர்ல போட்டாங்க. லீவுல ஊருக்கு வந்தப்ப ரெண்டு பேருக்கும் மாலை போட்டாங்க. 'இவன் சண்டைக்கு வரல'ன்னு அவன் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. குனிஞ்சு மாலையை வாங்கிக்கினான்.

— இன்டர்வியூவுல?

— பெஞ்சுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தோம். உள்ளேருந்து அய்யனாருன்னு கூப்புட்டாங்க. ரெண்டு பேரும் எழுந்தோம். நான் முன்னாடி போய்ட்டேன். உள்ள ஒரு பழைய மேஜர். எழுபத்தொண்ணுல எங்க இருந்தன்னாரு. நான் பேசல. ஸ்டாரை எடுத்து மேசை மேல வெச்சேன். திருப்பிப் பாத்தாரு. நம்பர் எங்கன்னாரு. பாலிஷ் போட்டுப் போட்டுத் தேஞ்சுபோச்சு சார்னேன்.

— எங்கிட்ட சொன்னதையே.

— அன்னிக்கு எடுபட்டுது. நல்ல சோல்ஜருன்னு சிரிச்சாரு. அடுத்தது அவன் போனான். ஒரு நிமிசத்துல வெளிய வந்தான். காட்டறதுக்கு இன்னா வெச்சிருக்கன்னு கேட்டாங்களாம், இன்னும் வரல சார்னானாம். வெளிய என் கையில ஸ்டாரைப் பாத்தான்.

— என்ன கேட்டாரு?

— ஒண்ணும் கேக்கல. 'நல்லா இருக்குடா துரை'ன்னான். அவ்ளோதான். அப்பறம் இருபத்தஞ்சு வருசம் ஒரே மைன்ஸ்ல இருந்தோம். நான் கேட்டுல நிப்பேன், அவன் மம்முட்டியோட உள்ள போவான். தெனமும் அவன் டிபன் தூக்கைத் தொறந்து செக் பண்ணி அனுப்பினவன் நான். ரூல்ஸ்.

— அண்ணே, உங்க குவார்ட்டர்ஸு, புள்ளைங்க படிப்பு எல்லாம்...

— எல்லாம் அதுதான் கிளி. நீ சொல்லவே வேணாம். நான் படுத்துக்கினு தெனம் சொல்லிக்கறதுதான்.

— அப்புறம் எப்படி இது காயலாங்கடைக்குப் போச்சு?

— அவன் செத்தப்ப மாலைக்கு அடியில வெச்சுடலாம்னு பாக்கெட்ல எடுத்துக்கினு போனேன். தனகோடி என்னைப் பாத்து, அண்ணன் வந்துட்டாரு, சேர் போடுங்கன்னுது. வெக்க முடியல. வூட்லயும் வெக்க முடியல. இந்தத் தை மாசம், உடைஞ்ச குத்துவெளக்கோட சேத்து அறிவுச்செல்வன் கடையில போட்டேன். ஞாயித்துக்கிழமையில நீ அங்க வந்து கெளறுவன்னு தெரியும். நீ கண்டுபுடிச்சுடுவ, நான் வாயைத் தொறக்க வேண்டியதில்லன்னு நெனைச்சேன். நீ என்னடான்னா ஆணியில மாட்டிட்ட.

— நானும் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்.

— சரி, மணி இன்னா?

— நாலேகால்.

— விஜயராஜுக்குப் போன் போடு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா எம் பேரைச் சொல்லு. துரைராஜு, அய்யனாரு, ரெண்டு பேரையும் சொல்லு. பேப்பர் குடு, இப்ப சொன்னதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடறேன். அதை எடுத்துக்கினு நானே தனகோடி வூட்டுக்குப் போறேன். கல்லுல ஒரு அய்யனாரு போதும்.

— போடறேண்ணே. ஆனா அவர் நம்பரைத்தானே முதல்ல கேப்பாரு? ராவி நாற்பது வருஷம் ஆச்சு. வேற ஒருத்தர் நம்பர் உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

— அதை ஞாபகம் வெச்சுக்க வேண்டிய அவசியமே இல்லடா. மஞ்சக்குப்பம் மைதானத்துல எனக்குப் பயம். நீ மொதல்ல போடான்னு அவனைப் புடிச்சு முன்னாடி தள்ளி வுட்டுட்டு, அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னேன். நின்னபடி ஏத்தினாங்க. எழுதிக்கோ. ரெண்டு, அஞ்சு, ஆறு, மூணு, எட்டு, நாலு, ஏழு. அது என் நம்பரு. கடைசி ஏழுக்குப் பதிலா ஆறு போடு.